எடுத்தால் மட்டும் போதுமா?

பெண்களின் மார்பில் வைக்கிற சிலிக்கான் பையைப் பற்றி எழுதினால் சில பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! பிரான்சில் ஒரு கம்பெனி செய்த மோசடியில் லட்சக்கணக்கான பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். இது போலீஸ் கேஸ்.

கம்பெனியின் பெயர் பி.ஐ.பி. துலோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை. முதலாளி ஜான் குளோட் மாஸ். மனித உடம்புக்கு என்று அனுமதி பெற்ற சிலிக்கானுக்குப் பதில், தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவு சிலிக்கானைப் பையில் நிரப்பிப் பல நாடுகளுக்கு விற்றார்கள். சோதனைக்கு ஆள் வருகிற நாளில் சரக்கை ஒளித்து வைத்து விடுவார்களாம். 2010 மார்ச்சில் குட்டு உடைந்தது. 2013 டிசம்பரில் மார்செய் கோர்ட்டு மாசுக்கு 4 வருஷ ஜெயிலும் 75 ஆயிரம் யூரோ அபராதமும் விதித்தது. 2016-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. 2019-ல் ஆளே இறந்து விட்டார்.

கேஸ் முடிந்தது. அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்?

2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம், பி.ஐ.பி. பை வைத்திருந்த சுமார் 30 ஆயிரம் பெண்களை அதை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கிற செலவை அரசே ஏற்றது. நல்ல காரியம்தான். ஆனால் புதுப் பை வைக்கிற செலவு, புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு மட்டும். அழகுக்காக வைத்தவர்கள் சொந்தக் காசில் பார்த்துக்கொள்ள வேண்டும்!

இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கதை. தனியார் கிளினிக் கைவிட்டால் அரசு ஆஸ்பத்திரி பையை எடுத்துவிடும். வேறு வைக்காது. புதுசு வேண்டும் என்றால் தனியாரிடம் போய் இன்னொரு ஆபரேஷன். பக்கத்திலேயே உள்ள வேல்ஸ் மட்டும் 2012 ஜனவரியில், எடுப்பதும் நாங்கள், வைப்பதும் நாங்கள் என்று அறிவித்தது. அதுதான் மனுஷத்தனம்.

"அழகுக்கு ஆசைப்பட்டாங்க, அனுபவிக்கட்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. மோசடி செய்தவன் கம்பெனிக்காரன். தண்டனை அனுபவிப்பது ஏமாந்தவளா?

பையை எடுத்த பிறகு உடம்பு பழைய மாதிரி திரும்பிவிடுவதில்லை. பல வருஷம் பையைத் தாங்கிய தோல் விரிந்து போயிருக்கும். உள்ளே இருக்கிற சொந்தச் சதை அமுங்கி மெலிந்திருக்கும். பையை எடுத்ததும் மார்பு வற்றித் தொங்கும். கண்ணாடி முன்னால் நிற்கவே கூசுகிற நிலைமை.

வழி இருக்கிறது

வழியே இல்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். சின்னப் பையாக இருந்து, தோலும் இளசாக இருந்தால் சில மாதம் பொறுத்தாலே ஓரளவு சுருங்கிவிடும். அவசரப்பட்டு மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை.

தொங்கல் அதிகம் என்றால் மிச்சத் தோலை வெட்டி, காம்பை மேலே ஏற்றித் தைக்கிறார்கள். பை எடுக்கிற அன்றைக்கே செய்வதும் உண்டு. வடிவம் திரும்பும். ஆனால் காம்பைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் தழும்பு நிற்கும். பழைய பருமனும் வராது. சிகரெட் பிடிக்கிறவர்களுக்குக் காயம் ஆறுவது கஷ்டம்.

பருமன் வேண்டும் என்றால் வயிறு அல்லது தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்து, மார்பில் ஊசி மூலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். சொந்தக் கொழுப்பு என்பதால் உடம்பு தள்ளாது. ஆனால் போட்டதில் ஒரு பங்கு கரைந்து போகும். அதனால் இரண்டு மூன்று தடவைகூடச் செய்ய வேண்டி வரலாம். சில சமயம் கொழுப்பு கட்டி கட்டியாக நிற்கும். பிற்பாடு எக்ஸ்ரே எடுக்கிற டாக்டரிடம் இந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோயால் மார்பையே எடுத்தவர்களுக்கு, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து மார்பில் பொருத்துகிற பெரிய ஆபரேஷன் இருக்கிறது. முதுகுச் சதையைத் திருப்பி வைப்பதும் உண்டு. புதுப் பை வைப்பது இன்னொரு வழி. அதையும் பின்னால் ஒரு நாள் எடுக்க வேண்டி வரலாம். ஒன்றுமே வேண்டாம், பாடிக்குள் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்று இருப்பவர்களையும் யாரும் வற்புறுத்தக் கூடாது.

நம்ம ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 2018-ல் ஏழைப் பெண்களுக்காக இலவச மார்பக சிகிச்சை கிளினிக் தொடங்கினார்கள். பணக்காரிக்குக் கிடைப்பது ஏழைக்கும் கிடைக்கட்டும். சந்தோஷம். ஆனால் சிலிக்கான் பை ஆயுசு பூராவும் வருகிற சாமான் இல்லை. இலவசமாக வைக்கிற எந்தச் சர்க்காரும், எடுக்கிற செலவையும், எடுத்த பின் வடிவத்தைச் சரி செய்கிற செலவையும் அன்றைக்கே கணக்கில் எழுதி வைக்க வேண்டும்.

தனியார் கிளினிக்குகளுக்கும் இதே சட்டம் வேண்டும். யார் உடம்பில் எந்தக் கம்பெனிப் பை இருக்கிறது என்று பதிய, இங்கிலாந்து 2016-ல்தான் தேசியப் பதிவேடு திறந்தது. பி.ஐ.பி. மோசடி வெடித்து ஆறு வருஷம் கழித்து! இங்கே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிற பெண்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பையின் கம்பெனி பெயர், நம்பர், எடுக்க நேர்ந்தால் செலவு யாருடையது, இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிற கிளினிக் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.