கல்லும் குடியும்

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் விஜயநகரச் சரித்திரத்தைப் போதித்துக்கொண்டிருந்தோம். ஹம்பியின் இடிபாடுகளை இன்று சட்டம் காத்துவருகிறது என்று சொன்னதும், ஒரு மாணவன் எழுந்து, "அங்கே குடியிருப்பவர்களை யார் காக்கிறார்கள், ஐயா?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாத விடையை இங்கே சொல்ல முயல்கிறோம்.

துங்கபத்திரைக் கரையிலிருந்த அத்தலைநகரம் 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பாழாயிற்று. எஞ்சிய சின்னங்கள் மட்டும் 1,600-க்கு மேல். 1986-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அவ்வெல்லைக்குள் ஆற்றின் குறுக்கே பாலங்கள் எழும்பவே, 1999-இல் அதே ஸ்தாபனம் அதனை அபாயப் பட்டியலில் வைத்தது. கர்நாடக ராஜாங்கம் விழித்துக்கொண்டு, 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஹம்பிக்கென்று தனி அதிகார சபையை ஏற்படுத்திற்று. கோயில்களை மட்டுமன்றி, வயல்களும் குன்றுகளும் கிராமங்களும் அடங்கிய பிரதேசம் முழுவதையும் அச்சபையின் மேற்பார்வையில் வைத்தது. 2006-இல் ஹம்பி அபாயப் பட்டியலினின்றும் நீங்கியது. இது சட்டத்தின் நற்பயன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காவல் இல்லாத இடத்தில் கல்லுடைப்போரும் விடுதி கட்டுவோரும் நுழைவதற்கு நாள் பார்ப்பதில்லை.

தராசின் மறு தட்டையும் பார்ப்போம். விரூபாட்சர் கோயிலுக்கு எதிரேயுள்ள தேர் வீதியின் பழைய மண்டபங்களில் பல குடும்பங்கள் கடை வைத்து வாழ்ந்து வந்தன. மண்டபத் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பியும், மேலே கட்டியும் அவர்கள் பழமையைக் கெடுத்தார்கள் என்பது உண்மையே. 2011 ஜூலையில் அக்கட்டடங்கள் இடிக்கப்பட்டன. வேறிடத்தில் மனை தருவதாக ஏற்பாடு. ஆனால் கோயில் வாசலில் பூவும் தேங்காயும் விற்றுப் பிழைப்பவனுக்கு, ஊருக்கு வெளியே உள்ள மனை வீடாகலாம், பிழைப்பாகுமோ? கடைவீதியாகவே அமைந்த அவ்வீதியில் இப்போது கடைகளின் ஆரவாரம் இல்லை. கல் பிழைத்தது, அதனைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை அகன்றது.

அதனால் சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இத்தகைய மசோதா எந்தச் சட்டசபைக்கு வந்தாலும் மூன்று விஷயங்களைச் சோதிக்கவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். எல்லைகளும் தடைகளும் ஊரார் அறிந்த மொழியில், ஊர்க் கூட்டத்தில் முன்னதாகவே படித்துக் காட்டப்படுகின்றனவா? குடிபெயர வேண்டியவர்களுக்கு வீட்டுடன் தொழிலுக்கும் வழி, இடிப்பதற்கு முன்பே செய்யப்படுகிறதா? நிர்வாக சபையில் உத்தியோகஸ்தர்களுடன் உழவனுக்கும் பரிசல் ஓட்டுபவனுக்கும் சமமான இடமுண்டா? இம்மூன்றும் இல்லையேல், ஊராருக்கு அது வேலி அடைத்த காடாகவே தோன்றும். அவர்களே அதற்குப் பகைவராவர்.

பாதுகாவலரை நியமித்து எத்தனை கற்களைக் காத்துவிட முடியும்? இரவும் பகலும் பக்கத்திலேயே இருப்பவன் ஊரான்தான். அவன் கைப்பொருளாக அதனை எண்ணும்படி செய்வதே நல்ல சட்டத்துக்கு இலக்கணம். அந்த மாணவனுக்கு நாளை இதைத்தான் சொல்லப் போகிறோம்.