வாயைக் கட்டத் தெரியாத பிள்ளையா?

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் ஒரு மாலை. ஒன்பது வயதுப் பையன், சற்றே பருமன். கடையில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டைக் கேட்டான். "வாயைக் கட்டத் தெரியலையேடா! படிப்பிலும் இப்படித்தான், ஓர் இடத்திலே உட்காரமாட்டேங்கறே!" என்றாள் தாய். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பையன் தலை குனிந்தான்.

சிரித்தவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

ஆசையை அடக்குவது, சொன்னதை நினைவில் நிறுத்துவது, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புவது - இம்மூன்றுக்கும் கடிவாளம் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் இருக்கிறது. அது முதிர்ந்து முடிய இருபது வயதுக்கு மேலாகிறது. பருமனான பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கடிவாளம் கொஞ்சம் தளர்ந்திருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்வது மெய்தான். ஆனால் தூக்கம் கெட்டாலும், ஓடியாட வழியில்லாவிட்டாலும் அது தளரும் அல்லவா?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் என்பவர், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், குழந்தைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, "பொறுத்திருந்தால் இரண்டு" என்றார். பொறுத்த பிள்ளைகளே பின்னால் தேறினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. 2018ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அதிகமான பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் சேர்த்ததும், அந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி கரைந்துவிட்டது!

நம் பையனின் சூழ்நிலையைப் பாருங்கள். பள்ளி விட்டால் டியூஷன். டியூஷன் விட்டால் இரவு எட்டு மணி. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பந்து உருண்ட காலி மனைகளில் இன்று அடுக்கு மாடிகள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாதென்று 2020லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. விதி காகிதத்தில் இருக்கிறது. பாக்கெட்டுகள் சரம் சரமாகக் கடையில் தொங்குகின்றன.

மனை விற்கும் ஆசையை, தீனி விற்கும் ஆசையை, மார்க்கு ஆசையை முதிர்ந்த மூளை படைத்த நாம் அடக்கினோமா? பாதி வளர்ந்த மூளையோடு அவன் மட்டும் முனிவனாக வேண்டுமாம்!

டியூஷனில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து அவனை ஓட விடுங்கள். நேரத்தோடு தூங்கச் செய்யுங்கள். பள்ளி வாசலில் விதியை நிறைவேற்றும்படி கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், நாலு பேர் நடுவே அவனை ஏசாமல் நம் வாயை நாம் கட்டுவோம்.