மூன்று வருஷத்துக்கு ஒரு கம்ப்யூட்டரா?

கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது? எழுபதைத் தாண்டியவன் எழுதுகிற விஷயமா இது என்று சிலர் கேட்பீர்கள். பணம் கொடுப்பது யார் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு பேசுவோம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பென்ஷன்காரர்கள் பேரனுக்காக இந்தச் செலவைச் செய்திருக்கிறார்கள். ஒருவர் அதற்காக வங்கி டெபாசிட்டை முதிர்வதற்கு முன்பே உடைத்தார். வட்டி போயிற்று. பேரன் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான்.

கடைக்காரர்கள் வாயில் இருக்கும் கணக்கு மூன்று வருஷம். "மூணு வருஷம் ஆயிடுச்சுன்னா அவுட்டேட்டட் சார், புதுசு போட்டுடுங்க" என்பார்கள். இந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாரண்டி மூன்று வருஷம். வாரண்டி முடிகிற தேதியை ஆயுள் முடிகிற தேதியாக மாற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நாமெல்லாம் அறுபதில் ரிடையர் ஆனோம். அன்றைக்கே நம்மைக் கண்டம் பண்ணிவிட்டார்களா?

கண்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் சர்வீஸில் பல வருஷம் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதியவன் நான். ஒரு பழைய ஜீப்பைக் கண்டம் பண்ண வேண்டுமென்றால் எத்தனை கையெழுத்து! வயசும் ஆகியிருக்க வேண்டும், ஓட வேண்டிய கிலோமீட்டரும் ஓடியிருக்க வேண்டும். இரண்டும் ஆன பிறகும், இனிமேல் ரிப்பேர் செய்வது லாபமில்லை என்று பொறியாளர் எழுதித் தர வேண்டும். அப்போதெல்லாம் இந்த நடைமுறையைத் திட்டாத ஆள் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது: "பழசாகிவிட்டது" என்பது காரணமே இல்லை. "வேலை செய்யவில்லை" என்பதுதான் காரணம். அதையும் வண்டியை விற்கிறவன் சொல்லக்கூடாது, வண்டியைத் திறந்து பார்த்தவன் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

கிராபிக்ஸ் கார்டு விற்கும் என்விடியா கம்பெனி சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிய வரிசை விடுகிறது. 2016-ல் பத்து வரிசை, 2018-ல் இருபது, 2020-ல் முப்பது, 2022-ல் நாற்பது, 2025-ல் ஐம்பது. இது அவர்கள் பங்குதாரர்களுக்காகப் போட்டுக்கொண்ட காலண்டர். நம் பிள்ளைகள் இதைத் தங்கள் ஜாதகம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 என்ற கார்டு, ஸ்டீம் என்ற கேம் கடை மாதா மாதம் வெளியிடும் கணக்கெடுப்பில் பல வருஷம் முதலிடத்தில் இருந்தது. அதாவது உலகம் முழுக்க விளையாடுகிறவர்களில் மிகப் பலர் பழைய கார்டை வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே விளையாடிக்கொண்டிருந்தார்கள். யூட்யூபில் புது டப்பாவைப் பிரித்துக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் இது தெரியாது. அவர்களுக்கு டப்பா பிரிப்பதுதானே பிழைப்பு.

என் வீட்டு விவரத்தையே சொல்கிறேன். பேரனுக்கு 2020 தொடக்கத்தில், ஊரடங்குக்குச் சற்று முன்னால் வாங்கிய கம்ப்யூட்டர். ஏஎம்டி ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. (இந்தப் பெயர்களைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாசம் ஆனது. இலக்கணம் இல்லாத பாஷை. பிரெஞ்சு வினைச்சொல்லை மனப்பாடம் செய்தவனுக்கே கஷ்டமாக இருந்தது.) போன வருஷம் "தாத்தா, ரொம்ப லேக் ஆகுது, கேம் திக்கித் திக்கி ஓடுது" என்றான். கடையில் கேட்டோம். பெட்டியைத் திறக்காமலே கொட்டேஷன் வந்தது: ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மொத்தமும் புதுசு.

நான் ஆபீஸ் வழக்கப்படி, முதலில் இன்ஸ்பெக்ஷன் என்றேன். விண்டோஸிலேயே டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. கேம் ஓடும்போது அதைத் திறந்து வைத்தால் பிராசசர், மெமரி, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும். பொதுவாக, எது மூச்சு முட்டி நிற்கிறதோ அதுதான் நோயாளி. மற்றவை சும்மா கூட நிற்கும் உறவினர்கள். எங்கள் வீட்டில் மெமரி நிரம்பி வழிந்தது. கேம் இருந்ததோ பழைய ஹார்ட் டிஸ்கில், அது நூறைத் தொட்டு நின்றது. கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூட இல்லாமல் இருந்தது!

இன்னொரு 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. இரண்டும் சேர்த்து ஐயாயிரத்துச் சில்லறை. அதோடு பெட்டியைத் திறந்து தூசி தட்டினோம். நம் ஊர்க் கடல்காற்றில் நாலு வருஷம் திறக்காத பெட்டிக்குள் இருந்ததைச் சொன்னால் சாப்பாடு இறங்காது. பிராசசர் மேல் காய்ந்துபோயிருந்த பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். திக்கல் போயிற்று.

இன்னொரு விஷயத்தைக் கடையில் யாரும் கேட்கவில்லை. மானிட்டர் என்ன? எங்களுடையது 60 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு 60 படம்தான் காட்டும். 200 படம் தயாரிக்கிற கார்டை வாங்கி அதில் மாட்டினால் மிச்சம் 140 எங்கே போகும்? அரை அங்குலக் குழாய் வைத்த வீட்டுக்கு மாடியில் பெரிய தொட்டி கட்டுவது போலத்தான். பதில் வேகம் கொஞ்சம் கூடும் என்று பேரன் சொல்கிறான். இருக்கலாம். லட்ச ரூபாய்க்கு அது போதாது.

2025-ல் வேறொரு பூதம் கிளம்பியது. விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. உடனே, "இந்தப் போர்டுல விண்டோஸ் 11 ஏறாது சார், போர்டு மாத்தணும்" என்றார் ஒருவர். ஏறும். டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்பு அம்சம் வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் பிராசசருக்குள்ளேயே அது இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பயாஸ் செட்டிங்கில் போய் அதை இயக்க வேண்டும். பேரனே பத்து நிமிஷத்தில் செய்தான். இந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லித்தராமல் போர்டு விற்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் இந்த வழி இல்லை. இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் கிடையாது. நன்றாக ஓடுகிற எந்திரங்கள், ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் மட்டும் குப்பைக்குப் போகின்றன. இதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. அப்படிப்பட்டவர்களும் அவசரப்பட வேண்டாம். பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்த ஊர்ச் செய்தியை இன்னும் விடாமல் படிக்கிறேன். அங்கே இதற்கு ஒரு பெயர் உண்டு: ஒப்சொலேசான்ஸ் புரோகிராமே. பொருளைத் திட்டமிட்டுச் சீக்கிரம் சாகடிப்பது. 2015-ல் சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கினார்கள். இரண்டு வருஷச் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். 2020-ல் ஆப்பிள் கம்பெனி பழைய ஐபோன்களின் வேகம் அப்டேட்டால் குறையலாம் என்பதை மக்களுக்குச் சொல்லவில்லை என்று இரண்டரைக் கோடி யூரோ கட்டியது. 2021 முதல் லேப்டாப், செல்போன், டிவி, வாஷிங் மெஷின் போன்றவை விற்கும் இடத்தில், ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு ஒட்ட வேண்டும் என்றார்கள். நம் ஊரில் அந்த ஒட்டு வருகிற வரை நாமேதான் மார்க் போட வேண்டும்.

ஆனால் கேம் கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தச் சட்டமும் ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் இங்கே யாரும் பொருளைக் கெடுப்பதில்லை. கார்டு நன்றாகவே இருக்கிறது. கெடுப்பது பையனின் மனசை. நேற்று வரை பிடித்திருந்த பெட்டியை இன்று நண்பர்களிடம் சொல்ல வெட்கப்படும்படி செய்கிறார்கள். பணம் போவதைவிட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் நம் ஆட்களில் ஒரு கட்சி எழுந்து கைதட்டும். "அதான் சொல்றோம், கேமே வேண்டாம், படிக்கிற பையனுக்கு எதுக்கு" என்பார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நாம் கேரம் போர்டிலும் சீட்டிலும் தொலைத்த சாயங்காலங்களை யார் கணக்கெடுத்தார்கள்? பையன் வீட்டில் இருக்கிறான், பெட்டியைத் திறந்து மூட ஒரு தொழில் கற்றிருக்கிறான், தாத்தாவோடு உட்கார்ந்து சதவீதம் பார்க்கிறான். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேதி பார்த்து மாற்றாதே என்கிறேன்.

எப்போது மாற்றலாம்? கேம் வாய்விட்டு "முடியாது" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடாது. எங்கள் 1660 சூப்பரில் அந்த வசதி இல்லை. 2025 மே மாதம் வந்த டூம் கேமும் அப்படியே. பேரன் இதைக் காட்டினான், நான் ஒப்புக்கொண்டேன். "சரிப்பா, அந்தக் கேமைத்தான் நீ தினம் விளையாடப் போறியா?" என்று கேட்டேன். இல்லை. அவன் விளையாடுவது 2020-ல் வந்த வேலரன்ட்டும், பிசியில் 2015-லேயே வந்துவிட்ட ஜிடிஏ 5-ம். அப்படியென்றால் கார்டு இன்னும் இருக்கட்டும். நிஜமாகவே அவன் ஆசைப்படுகிற நாலைந்து கேம் மறுக்கிற நாள் வரும், அன்றைக்கு வாங்கித் தருவேன். இரண்டு மூன்று வரிசை தாண்டி வாங்கினால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் பிராசசர் திணறினால், இதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். பயாஸ் அப்டேட் மட்டும் போதும், ரேம்கூட மாற்ற வேண்டாம். ஏஎம்டியின் இந்தச் சாக்கெட் அந்த வகையில் நமக்குத் தோதானது. இன்டெல் அடிக்கடி சாக்கெட்டை மாற்றுகிறது, ஒரே சாக்கெட் பெயரை வைத்துக்கொண்டே பழைய போர்டில் புது பிராசசர் ஓடாதபடியும் ஒரு தடவை செய்தது. புதிதாக வாங்குகிறவர்கள் இதையெல்லாம் முதல் நாளே கேளுங்கள். எஸ்எம்பிஎஸ்-ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்று பல்லைக் காட்டுவார்கள். சுழி வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு என்று கேளுங்கள். வட்டி அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

பொங்கலுக்கு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், இதைப் படிப்பார்கள் என்று தெரியும். கொட்டேஷனை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் கடற்கரைக்கு வாருங்கள், காந்தி சிலைப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன். பேரனையும் அழைத்து வாருங்கள். மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்று மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.