எல்லாக் கைகளும் ஒன்றல்ல

வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கையை நீட்டுங்கள். பெருவிரலையும் சின்னவிரலையும் தொட வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடியுங்கள். நடுவில் கயிறு போல ஒன்று எழும்புகிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். எழும்பாவிட்டால் பயப்பட வேண்டாம். சிலருக்கு அந்தத் தசை பிறப்பிலேயே இல்லை. அதனால் கைக்கு ஒரு குறையும் இல்லை.

லண்டனில் மருத்துவம் படிக்கும் என் சித்தியின் மகள் தன் டேப்லெட்டில் உடற்கூற்றியல் மென்பொருளைக் காட்டினாள். விரலால் தோலை நீக்கலாம், தசையை நீக்கலாம், இதயத்தைத் திருப்பிப் பார்க்கலாம். பிழை விட்டால் ஒரு தட்டில் எல்லாம் பழையபடி வந்துவிடும். ஆனால் அந்தத் திரையில் எத்தனை முறை கையைத் திறந்தாலும் அதே கைதான்.

நான் கணினியை நம்பிப் பிழைப்பவன். மென்பொருளுக்கு எதிரி இல்லை. 2002இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பெனின்சுலா மருத்துவக் கல்லூரி, இறந்த உடலை வெட்டாமலே உடற்கூற்றியலைக் கற்பித்தது. நரம்பு எங்கே ஓடுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்து விளங்கிக்கொள்ளத் திரை மிக நல்லது. ஆனால் ஆளுக்கு ஆள் உடல் மாறும் என்பதை விளங்கிக்கொள்ளப் பல உடல்களைப் பார்க்க வேண்டும். நாளை அவள் முன்னால் படுக்கப் போகும் நோயாளி அந்தத் திரையில் இருந்தவர் அல்ல.

இன்னொன்று. திரையில் தெரியும் உடலும் வெறும் கணக்கிலிருந்து பிறந்ததில்லை. 1994இல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ஓர் ஆணின் உடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் சீவி, 1,800க்கு மேற்பட்ட படங்களாக வெளியிட்டது. அவர் டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதி. அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் உடலும் அப்படியே வெளிவந்தது. அந்தப் படங்களை வைத்துப் பல கற்பித்தல் மென்பொருட்கள் செய்யப்பட்டன.

ஆகவே திரையோ மேசையோ, யாரோ ஒருவர் தன்னைக் கொடுத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடற்கூற்றியலுக்கு உடலைக் கொடுக்கும் சம்மதத்தை, உயிரோடு இருக்கும்போதே, சாட்சி முன்னிலையில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். இறந்த பிறகு பிள்ளைகள்கூட நமக்காகக் கொடுக்க முடியாது.

பிள்ளை டொக்டராக வேண்டும் என்று ஆசைப்படாத தமிழ் வீடு குறைவு. அந்தப் பிள்ளை யாருடைய உடலில் படிக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. நான் பேச்சை எடுத்தபோது அம்மா ஏசினா. படிவம் மேசையில் கிடக்கிறது. நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறோம். நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.