வயலுக்கு வண்டி போகப் பாதை கொடு!

பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி வட்டார விவசாயப் பெருங்குடி மக்களே! டிராக்டர், லாரி, அறுவடை மிஷின் ஓட்டும் உழைப்பாளித் தோழர்களே!

நெல்லு வெளஞ்சிருச்சு. மிஷினும் வந்திருச்சு. ஆனா வயலுக்குப் போக வழி இல்ல. இதுதான் நம்ம நிலைமை!

லோயர்கேம்ப்பில் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். பெரியாறு அணைத் தண்ணீர் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எல்லாம் தாண்டி கடைசியாக வந்து சேருவது நம்ம ஊருக்கு. தண்ணீர் பற்றாக்குறை என்றால் முதலில் காய்வது கடைமடை. மழை கூடிவிட்டால் மேலே உள்ளவர்கள் வடிக்கிற தண்ணீரையும் சேர்த்துச் சுமப்பதும் கடைமடைதான். காய்ந்தும் கெடுகிறோம், ஊறியும் கெடுகிறோம்!

அணையை 1895-லேயே கட்டி முடித்தார்கள். நூற்றுமுப்பது வருசம் ஆச்சு. தண்ணீர் வருவதற்கு வாய்க்கால் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் வெளியே போவதற்குப் பாதை எங்கே? மாட்டுவண்டிக்குப் போட்ட ஒத்தையடி வண்டித்தடத்தில், வாய்க்கால் கரையில், வரப்பு ஓரத்தில் இன்றைக்குப் பல டன் எடையுள்ள மிஷினை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றினால் புதைகிறது. புதைந்தால் "மழை பெஞ்சா சேறாகத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நாங்கள் கேட்கிறோம்: தேனி பஸ் ஸ்டாண்டில் மழை பெய்யவில்லையா? அங்கே பஸ் புதைகிறதா? மழை எல்லா இடத்திலும்தான் பெய்கிறது. தண்ணி நிக்காத பாதையில் வண்டி சிக்காது! பாதை பள்ளமாகவும் வயல் மேடாகவும் இருந்தால் பாதைதான் வாய்க்கால் ஆகும். அது மழை செய்த குற்றம் இல்லை. வண்டி ஓட்டுகிற டிரைவர் தம்பி செய்த குற்றமும் இல்லை. பாதையைப் பராமரிக்க வேண்டியவர்கள் கைவிட்டதன் பலன்.

ஒரு மணி நேரம் சிக்கினால் என்ன நட்டம்?

கணக்குப் பார்ப்போம். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து அறிவித்த விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு வகுத்தால் 1,000 ரூபாயும் 1,018 ரூபாயும். தனியார் செயின் வண்டிக்கு ஒரு மணி நேர வாடகை இரண்டு மூட்டை நெல் விலைக்குக் குறைவதில்லை. மிஷின் சேற்றில் உறுமிக்கொண்டு நின்றாலும் நேரம் ஓடுகிறது. மணிக்கு ரெண்டு மூட்டை சேத்துக்குள்ள போகுது! அதை இழுக்க இன்னொரு டிராக்டர், அதுவும் மாட்டிக்கொண்டால் ஜேசிபி. அந்த வாடகை தனி.

இத்தோடு முடிகிறதா? வெளிமாவட்டத்து மிஷின் நமக்காகக் காத்திருக்காது. முறை தவறினால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் ஒரு மழை பெய்தால் கதிர் சாயும், நெல் முளைக்கும். அறுத்த நெல் டிரெய்லரோடு ராத்திரி முழுக்கப் பாதையில் நின்றால் ஈரம் ஏறும். கொள்முதல் நிலையத்தில் 17 சதம் ஈரப்பதம்தான் வரம்பு. 2025 அக்டோபரில் அந்த வரம்பை 22 சதமாக உயர்த்தச் சொல்லி மாநில அரசே ஒன்றிய அரசைக் கேட்க வேண்டியிருந்தது. அதே மாதம் பெருமழையில் முல்லைப் பெரியாற்றில் வெள்ளம் வந்து நம் பள்ளத்தாக்கில் வயல்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

நெல்லுக்கு மட்டும் இல்லை, வாழைக்கும் தென்னைக்கும் இதே கதிதான். தோட்டத்துக்குள் லாரி வர முடியாது என்று வியாபாரி மெயின்ரோட்டிலேயே நிறுத்திக்கொள்கிறார். தார் தாராகத் தலைச்சுமையாகத் தூக்கி வருகிற கூலி யார் தலையில்? விவசாயி தலையில்! அதுக்கு மேல "வண்டி உள்ள வரல, ரேட்டைக் குறைச்சுக்க" என்று விலையிலும் அடி.

அடுத்த போகத்துக்கும் சேதம் தொடர்கிறது. நெல் வயலில் தொழிக்கு அடியில் ஒரு கெட்டித் தட்டு உண்டு. தண்ணீரை இறங்கவிடாமல் நிறுத்துவதும், உழவு டிராக்டரைத் தாங்குவதும் அதுதான். ஈர வயலில் கனமான வண்டி இறங்கிச் சுழன்றால் தட்டு உடைகிறது. அடுத்த போகத்தில் தொழி கலக்கும்போது அதே இடத்தில் டிராக்டர் உளையில் இறங்குகிறது. ஒரு வருசம் விழுந்த பள்ளம் பல வருசம் வலிக்கும்!

யார் பொறுப்பு?

கரை ஒரு துறை. பாதை ஒரு துறை. நில அளவை ஒரு துறை. பயிர் இன்னொரு துறை. ஒரு ஆபீசுக்குப் போனால் அடுத்த ஆபீசைக் கைகாட்டுகிறார்கள். நாலு படி ஏறி இறங்கினால் மனு மட்டும்தான் கனமாகிறது.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பழனிசெட்டிபட்டியும் வீரபாண்டியும் பேரூராட்சிகள். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும், அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் கொண்டுவந்த புதிய சட்டமும் ஊராட்சிகளுக்குத்தான். அந்த நிதியில் ஊராட்சியில் மண் பாதை போடலாம். நமக்கு அது கிடையாது. பேரூராட்சிப் பணமோ தெருவுக்கும் விளக்குக்கும் சாக்கடைக்கும் போகிறது. வரி போடும்போது டவுன்காரன், வயலில் நிற்கும்போது பட்டிக்காட்டான். இரண்டு கணக்கிலும் இல்லாத பாதையில்தான் நம் வண்டி புதைகிறது!

கேஜ்வீல் போட்ட டிராக்டர் தார்ரோட்டில் ஏறினால் அபராதம் போடுகிறார்கள். ரோடு பாழாகும் என்பது உண்மைதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வயல் வரைக்கும் டயரில் போய், அங்கே நிறுத்திக் கேஜ்வீல் மாட்ட நாலு அடி கெட்டித் தரை இருக்கிறதா? அதைக் கொடுத்துவிட்டு அபராதம் போடுங்கள்.

"பணம் இல்லை" என்பார்கள். நாங்கள் தார் கேட்கவில்லை. நடுவில் மேடாகவும் இரண்டு ஓரத்தில் தண்ணீர் வடியும்படியும் கிராவல் போட்ட பாதை கேட்கிறோம். வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் லோடு வண்டியைத் தாங்குகிற குழாய்ப்பாலம் கேட்கிறோம். மகாராஷ்டிர மாநிலத்தில் வயல் பாதைகளுக்கென்றே 2021-ல் தனித் திட்டம் அறிவித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பாதை காகிதத்தில் இருக்கிறது!

பல இடங்களில் வண்டிப்பாதை புதிதாக வாங்க வேண்டிய நிலம் இல்லை. புலப்படத்தில் கோடு இருக்கிறது, 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் வரப்பு நகர்ந்து நகர்ந்து பாதை பாதியாகிவிட்டது. அரசு நிலத்தை மீட்க 1905-ஆம் வருடத்து ஆக்கிரமிப்புச் சட்டமே இருக்கிறது. பாதையை உழுது சேர்த்துக்கொண்டவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சி, எந்தச் சாதி, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எங்களுக்கு ஒன்றுதான். அளந்து கல் நடு! அவ்வளவுதான் கேட்கிறோம்.

பாதை வரும் வரை நம் கையில் இருப்பது

அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். ஆனால் அதுவரை நம் நெல்லையும் உயிரையும் நாமே காக்க வேண்டும் அல்லவா? அனுபவப்பட்ட விவசாயிகளும் டிரைவர்களும் சொல்வதைத் தொகுத்துத் தருகிறோம்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆனால் வயல்விட்டு வயல் பாயும் மடையில் ஒருவர் மட்டும் வடித்துப் பயன் இல்லை. மேல்வயல்காரர் பாய்ச்சினால் கீழ்வயல் ஊறும். ஆகவே ஒரே மடைக்காரர்கள் கூடிப் பேசி, ஒத்த வயதுள்ள ரகத்தை ஒரே வாரத்தில் நடவேண்டும். வடிப்பதும் ஒரே நாளில். ஒற்றுமை மேடையில் மட்டும் போதாது, மடையிலும் வேண்டும்!

மிஷின் இறங்கும் முன் வயலில் நடந்து பாருங்கள். குதிகாலால் அழுத்தினால் குழியில் தண்ணீர் ஊறி நின்றால் டயர் வண்டியை இறக்காதீர்கள். செயின் வண்டி எடையைப் பரப்பித் தாங்கும், ஈர வயலுக்கு அதுதான். அதற்கும் எல்லை உண்டு. தொட்டி நெல்லைக் கரையேறிக் கொட்டட்டும், லோடு டிராக்டரை வயலுக்குள் கூப்பிடாதீர்கள். 40 கிலோ மூட்டை நூறு ஏற்றினால் நெல் மட்டும் 4 டன். சேற்றுப் பாதையில் ஐம்பது ஐம்பதாக ரெண்டு நடை போவது, ஒரே நடையில் புதைவதை விட மலிவு.

வண்டி சிக்கிவிட்டால் முறுக்காதீர்கள். டயர் சுழலச் சுழலக் குழி ஆழமாகுமே தவிர வண்டி நகராது. நிறுத்துங்கள். டிரெய்லரைக் கழற்றுங்கள். டயருக்குப் பின்னால் உள்ள சேற்றைச் சாய்வாக வெட்டி, தென்னை மட்டையோ வைக்கோலோ பலகையோ போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்வாங்கப் பாருங்கள்.

இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள்: பின் டயரில் கட்டையைக் கட்டி ஏற்றாதீர்கள்! கட்டை மண்ணில் பிடித்துக்கொண்டால் டயர் சுழல வழி இல்லாமல், எஞ்சின் வேகம் முழுவதும் டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கும். கண் இமைக்கும் நேரத்தில் டிராக்டர் பின்னால் புரண்டு டிரைவர் மேல் விழும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. இழுக்கும் கயிற்றையும் உயரமான இடத்தில் கட்டக் கூடாது, கீழே கொக்கியில்தான் கட்ட வேண்டும். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும், ஆட்கள் தள்ளி நிற்கட்டும், பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். நெல் போனால் அடுத்த போகம் உண்டு. வீட்டுக்கு ஒரு ஆள் போனால்?

நம் கோரிக்கைகள்

1. எல்லா வயல் வண்டிப்பாதைகளையும் புலப்படத்தின்படி அளந்து, கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்று!

2. பேரூராட்சிப் பகுதி விவசாயப் பாதைகளுக்குத் தனி நிதி ஒதுக்கு! பொறுப்புக்கு ஒரே ஒரு துறையை நியமி!

3. கிராவல் பாதையும், ஓர வடிகாலும், லோடு வண்டி தாங்கும் குழாய்ப்பாலமும் அமை!

4. அண்மை ஆண்டுகளைப் போல ஜூன் 1-ல் தண்ணீர் திறப்பதை எந்த ஆண்டும் தள்ளிப்போடாதே! பதினைந்து நாள் தள்ளினால் முதல்போக அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும்.

5. வடிகால்களை அறுவடைக்கு முன்பே தூர்வாரு! மழை வந்த பிறகு ஜேசிபி அனுப்பி போட்டோ எடுக்காதே!

6. அறுவடைக் காலத்தில் அரசு வாடகைச் செயின் மிஷின்களைக் கடைமடைக்கும் முறை வைத்து அனுப்பு!

விவசாயிகளே!

1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோயம்புத்தூர் நகரத்தையே மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். வண்டி நம் தொழில் கருவி. போராட்டக் கருவியும் அதுதான் என்று காட்டிய மரபு நம்முடையது.

வரும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மனுவோடு வாருங்கள். "எங்க பாதை மோசம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். பாதையின் சர்வே எண், புலப்பட நகல், எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் அந்தப் பாதையை நம்பியிருக்கிறது என்று நாலு விவரம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நம் சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் அடுத்த அறுவடைக்கு முன் டிராக்டர்களை வரிசையாக ரோட்டோரம் நிறுத்தி, பாதை எங்கே என்று ஊருக்கே கேட்கும்படி கேட்போம்!

ஊருக்குச் சோறு போடுகிறவன் தன் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவர வழி கேட்கிறான். இது சலுகை இல்லை, உரிமை!

அளந்து கொடு! அளந்து கொடு! வண்டிப்பாதையை அளந்து கொடு!

கடைமடை விவசாயியைக் கைவிடாதே!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
பழனிசெட்டிபட்டி வட்டார விவசாயிகள்