லென்ஸ் வெளியே வருகிறதா, பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பலரும் என்னிடம் விசாரிப்பது டிஜிட்டல் கேமராவைப் பற்றித்தான். செல்போனே போதும் என்றாகிவிட்ட பிறகும் பழைய காம்பாக்ட் கேமராக்களைத் தேடி வாங்கும் ஆசை இளைஞர்களிடம் மீண்டும் வந்துள்ளது. எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை மடங்கு ஸூம் என்று கேட்கிறார்கள். ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீளுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

2007ல் கடலூர் சில்வர் பீச்சில் பிள்ளைகளைப் படம் எடுத்துக் கொண்டிருந்தேன். நல்ல காற்று. ஆஃப் செய்தபோது கரகரவென்று சத்தம். லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. மீண்டும் ஆன் செய்தால் திரையில் லென்ஸ் எரர் என்று வந்து தானாகவே அணைந்தது. மறுநாள் சிதம்பரத்தில் அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். கையில் கேமரா இருந்தும் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. பழுது பார்க்கக் கேட்ட தொகை கேமரா விலையில் பாதி!

இந்த லென்ஸ், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சிறு குழாய்களால் ஆனது. சின்ன மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் அவற்றை நகர்த்துகின்றன. குழாய்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும். உறைக்குள் இருக்கும்போது பவர் பட்டன் தெரியாமல் அழுந்தி, லென்ஸ் துணியில் முட்டி நின்றாலும் இதே கதிதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2002ல் வந்த மினோல்டா டைமேஜ் எக்ஸ், 2003ல் வந்த சோனி டி1 ஆகியவற்றில் லென்ஸ் வெளியே வராது. ஒளியை ஒரு பிரிஸம் 90 டிகிரி திருப்பிவிட, ஸூம் முழுவதும் கேமராவின் உள்ளேயே நடக்கிறது. லென்ஸ் ஒரு மூலையில் இருப்பதால் படத்தில் அடிக்கடி நம் விரல் விழும், அவ்வளவுதான்! கடற்கரைக்கும் பிச்சாவரம் படகுக்கும் எடுத்துச் செல்ல நான் இந்த வகையைத்தான் சொல்வேன்.

நீளும் லென்ஸ்தான் வேண்டும் என்றால், பழைய கேமராவை வாங்கும் முன் பத்து முறை ஆன், ஆஃப் செய்து சத்தத்தைக் கவனியுங்கள். பிறகு எப்போதாவது லென்ஸ் சிக்கிக்கொண்டால் கையால் அழுத்தாதீர்கள், பல்சக்கரம் உடைந்துவிடும். மெமரி கார்டை வெளியே எடுத்து, கார்டு ரீடர் மூலம் படங்களைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். என் பீச் படங்கள் அப்படித்தான் பிழைத்தன.