மூடிக்கு ஜன்னல் வேண்டுமா?

இத்தாலி தேசத்துப் பொலோன்யா நகரில் தயாராகும் டுகாட்டி மோட்டார் சைக்கிளுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. அதன் விலையைக் கேட்டாலே பலருக்குத் தலை சுற்றும். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவர்களில் பலர் செய்கிற காரியம் என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, இஞ்சினின் வலப்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, துளை போடும் யந்திரத்தை எடுத்து, அதில் வரிசையாக ஓட்டை போடுகிறார்கள்! ரம்பத்தால் அறுத்துப் பெரிய ஜன்னலே வைத்துவிடுகிறவர்களும் உண்டு.

மூடிக்குள் அப்படி என்ன அதிசயம் இருக்கிறது? இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் இருக்கின்றன. இஞ்சினின் இரண்டு சிலிண்டர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. வண்டி ஓடும்போது அவை சுழல்வதை வெளியிலிருந்து பார்க்க வேண்டும், பிறரும் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

பெல்ட் என்றதும் மாவு மில்லில் ஓடும் நீண்ட பெல்ட் நினைவுக்கு வரலாம். அது வழுவழுப்பானது. பாரம் அதிகமானால் கொஞ்சம் நழுவும். மில்காரர் மெழுகைத் தடவிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். இது அப்படியல்ல. உட்புறம் பல் வைத்த பெல்ட். ஒரு பல்கூட நழுவக் கூடாது. இஞ்சினின் வால்வுகள் எந்தக் கணத்தில் திறக்க வேண்டும், எந்தக் கணத்தில் மூட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. நிமிஷத்துக்கு 8,000 சுற்று என்ற வேகத்தில் இஞ்சின் ஓடினால், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் திறந்து மூடும். அந்த வேளையில் பெல்ட் அறுந்தால், திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் மீது பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும். பெல்ட்டின் விலையோடு போகிற நஷ்டமல்ல. இஞ்சினையே திறந்து புதுப்பிக்க வேண்டிய நஷ்டம்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் ஃபாபியோ தாலியோனி என்ற மேதை. வில்லை நம்பாமல் யந்திரக் கைகளைக் கொண்டே வால்வை மூட வைக்கும் டெஸ்மோ முறையை 1956-இல் பந்தய வண்டியில் வெற்றிகரமாக ஓட விட்டவர் அவர்தான். அந்தக் காலத்து டுகாட்டியில் வால்வுக்கு விசை கொண்டுபோனது ஓர் இரும்புத் தண்டும் சரிவுப் பற்சக்கரங்களும். பார்க்க அழகு, ஆனால் கைதேர்ந்த தொழிலாளி மெல்லிய வாஷர்களை வைத்து வைத்து இடைவெளி சரிபார்த்துப் பூட்ட வேண்டும். நேரமும் செலவும் அதிகம். 1979-இல் விற்பனைக்கு வந்த பன்டா வண்டியில் தாலியோனி அதை விட்டுப் பல் பெல்ட்டுக்கு மாறினார். சத்தம் குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் ரப்பர் ரப்பர்தானே! கல்லும் மண்ணும் எண்ணெயும் அதற்குச் சத்துருக்கள். ஆகவே மூடி போட்டார்கள்.

நெடுங்காலம் இந்த மூடியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மிகல் கலூச்சி உருவம் கொடுத்த மான்ஸ்டர் வண்டி 1993-இல் கடைக்கு வந்தபிறகுதான் வினை பிடித்தது. அதற்கு உடைபோல் போர்த்தும் பக்கத் தகடுகள் கிடையாது. இஞ்சின் முழுவதும் வெட்டவெளிச்சம். அத்தனை அழகுக்கு நடுவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, மணப்பெண்ணின் காலில் ரப்பர் செருப்பைப்போல! உடையவர்களுக்கு மனம் பொறுக்காததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஓட்டை போடுவதற்கு அவர்கள் சொல்லுகிற காரணங்கள் எடுபடவில்லை. காற்று புகுந்து பெல்ட் குளிர்ச்சியாக இருக்குமாம். பல மாடல்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை அல்லது சுமார் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றச் சொல்லியிருக்கிறது கம்பெனி. பின்னால் வந்த சிலவற்றுக்கு 5 ஆண்டு வரை அவகாசம் தந்திருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் மூடி போட்ட இஞ்சினுக்குத்தான். அப்படியிருக்கக் காற்று எதற்கு? பந்தய வண்டியில் மூடியே இல்லையே என்பது இன்னொரு வாதம். பந்தயக்காரர் பெல்ட்டை அடிக்கடி மாற்றுகிறார். அவருடைய பாதையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிற ஆசாமிக்கு அந்தப் பாக்கியம் ஏது? முன் சக்கரம் வாரி எறியும் ஒரு பொடிக்கல், பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கினால் போதும்.

அதற்காக வீட்டில் மூடியைத் தொடவே கூடாது என்று சொல்வது அசட்டுத்தனம். தாராளமாகத் தொடலாம். சொல்லப்போனால், தம் கையால் மூடியைக் கழற்றுகிறவர்தான் பெல்ட்டின் முகத்தையே பார்க்கிறார். விளிம்பு பிசிறியிருக்கிறதா, பல்லின் அடியில் வெடிப்பு விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கசிவு உண்டா என்பது அப்போதுதான் தெரியவரும். 2012-இல் விற்பனைக்கு வந்த 1199 பனிகாலேயில் கம்பெனியே பெல்ட்டை விட்டுச் சங்கிலிக்கு மாறியது. பழைய வண்டிகளுக்கோ வயதாகிறது. பிளாஸ்டிக்கும் முறுகி வெடிக்கிறது. புது மூடியை வீட்டிலேயே செய்துகொள்ளத் தெரிந்தவருக்கு அது நல்ல கைத்தொழில்.

எளிய வழி வர்ணம் பூசுவது. மூடியைத் தனியே எடுத்துச் சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு அறவே போனபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். இந்தப் பிரைமரை விட்டுவிட்டு நேரே வர்ணம் அடிப்பவர்களுக்கு, சில மாதங்களில் அது தோல் உரிவதுபோல் உரிந்து வரும். வண்டியில் மாட்டியபடியே அடிப்பது மகா தப்பு. வர்ணமும் தின்னரும் பெல்ட்டில் படக் கூடாது.

இன்னும் ஆர்வமுள்ளவர்கள் பழைய மூடியையே அச்சாக வைத்து, மெழுகு தடவி, ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன் துணியை ரெசினில் நனைத்து ஒட்டிப் புது மூடி வார்க்கிறார்கள். இதில் இரண்டு எச்சரிக்கை வேண்டும். சாதாரண ரெசின் இஞ்சின் சூட்டில் இளகி வளையும். வெப்பம் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது தூசி. காய்ந்த மூடியை அரம் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நெஞ்சுக்குள் போனால் கேடு. மூக்கைக் கட்டிக்கொண்டு, வண்டிக்கும் சமையலறைக்கும் தூரத்தில் போய்ச் செய்ய வேண்டும். அலுமினியத் தகட்டில் செய்வோரும் உண்டு. பளபளப்பு நன்றாயிருக்கும்; வளைவுகளைத் தட்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இத்தனை சொல்லியும் ஜன்னல் வைத்தே தீருவேன் என்பவர், மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக அறுக்கட்டும். கூர் மூலையில்தான் வெடிப்பு பிறக்கும். ஜன்னலைத் தெளிந்த பாலிகார்பனேட் தகட்டால் அடைத்துவிட்டால் பார்க்கவும் பார்க்கலாம், கல்லும் புகாது. கம்பிவலை வைப்பது அரை வைத்தியம். பெரிய கல் நிற்கும், மணல் போய்விடும். அந்த வலையின் ஒரு கம்பி கழன்று உள்ளே விழுந்தாலோ கேட்கவே வேண்டாம்.

எந்த மூடியானாலும் மாட்டியவுடன் இஞ்சினைக் கிளப்பிவிடக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கியரைப் போட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மூடி பெல்ட்டில் எங்கேனும் உரசினால் ‘சர், சர்’ என்ற ஓசை காதில் விழும். உரசாவிட்டால் மறுபடி ஒருமுறை கழற்றி, மூடியின் உட்புறத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், பெல்ட் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டர் கணக்கையும் வர்ணத்தால் எழுதிவிட்டுப் பூட்டலாம். அடுத்து அந்த மூடியைக் கழற்றுகிறவர் யாராயிருந்தாலும், முதலில் அதைத்தான் தேடுவார்.